பஞ்சுச்சட்டை

ஃபுட்பால் பார்க்கிற எவரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். அந்த வீட்டில் மட்டும் யாரும் பந்தைப் பார்ப்பதில்லை. டிவியின் கீழ் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கிற மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவன் எப்போது கண்ணில் படுவான் என்று காத்துக் கிடப்பார்கள். கோல் விழும். மைதானமே எழுந்து குதிக்கும். இவர்கள் மட்டும், "அட நகருடா, மறைக்கிற!" என்று கோல் போட்டவனைத் திட்டுவார்கள். அவன் கொண்டாட ஓடிவந்து நிற்பது சரியாக இவர்கள் பிள்ளைக்கு முன்னால்தான்.

"ஓடறான் பாரு, ஓடறான் பாரு" என்பார் அப்பா, நாற்காலி நுனிக்கு வந்து.

"ஓடி என்ன, உள்ள விட்டாத்தானே" என்பாள் அம்மா. ஆனால் அவள் கண் அந்த ஓரத்தை விட்டு அசையாது.

அவன் இங்கே ஆடியபோது கதையே வேறு. குட்டையாக, கறுப்பாக, எந்தச் சந்திலும் புகுந்து மறுபக்கம் வந்துவிடுவான் என்று முதல் கோச் அவனுக்கு வண்டு என்று பேர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பேர் பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது. இடது ஓரத்தில் அவன் காலுக்குப் பந்து வந்தால் போதும், மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று ரீங்காரம் போடுவார்கள். எதிரணிக்காரன் காதில் அது விழுந்தாலே கால் பின்னிக்கொள்ளும். அம்மா ஒரே ஒரு தடவை மைதானத்துக்குப் போனாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள் தன் பிள்ளைக்காக ரீங்காரம் போடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்கத்தை விட்டு அவளும் போட்டாள்.

அப்புறம் வெளிநாட்டு க்ளப்பிலிருந்து ஆள் வந்தது, பார்த்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டிப்போனது. பேப்பரில் போட்டோ வந்தது. அப்பா பெயின்டர், சும்மா இருப்பாரா? வீட்டு முன்சுவர் முழுக்க அந்தக் க்ளப்பின் நிறத்தை அடித்துவிட்டார், நல்ல அடர்ந்த கத்தரிப்பூ நிறம். தெருவில் யாராவது வீட்டுக்கு வழி கேட்டால், "கண்ணைக் கூசும் பாருங்க, அந்த வீடு" என்று சொல்வார்கள்.

அங்கே போன முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. சில ஆட்டங்களில் இறக்கினார்கள். ஒரு கோல்கூடப் போட்டான். அந்தக் கோலை அப்பா போனில் பதிந்துவைத்து, தான் பெயின்ட் அடிக்கப் போன வீட்டுக்காரர்களுக்கெல்லாம் ஏணியிலிருந்து இறங்கி வந்து காட்டினார். பிறகு கணுக்கால் பிசகியது. கால் சரியாகி அவன் எழுந்து நடப்பதற்குள் பழைய கோச் போய்ப் புது கோச் வந்துவிட்டார்.

புது கோச் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் வாய் வலிக்கத் திட்டியாவது மனசு ஆறலாம். பயிற்சியில் தோளைத் தட்டுவாராம், "நல்லா பண்ற" என்பாராம், மாற்று ஆட்டக்காரர் பட்டியலிலும் தவறாமல் சேர்ப்பாராம். ஆனால் ஆட்டத்தன்று பெஞ்சில் உட்காரவைத்தால் வைத்ததுதான். ஆள் மாற்றும் நேரம் வந்தால் பெஞ்சுப் பக்கம் திரும்பி ஒற்றை விரலை மடக்கிக் கூப்பிடுவார். அந்த விரல் பக்கத்தில் இருக்கிறவனையே கூப்பிடும். அம்மாவுக்கு ஃபுட்பாலில் வேறெதுவும் தெரியாது. அந்த விரலை மட்டும் கூட்டத்தில் இருந்தாலும் அடையாளம் சொல்வாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்?" என்பான் போனில். "இன்னும் வேகமா ஓடுன்னு சொன்னா ஓடுவேன். சரியா அடிக்கலைன்னு சொன்னா திருத்திக்குவேன். அவர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரே."

இதற்கு அம்மா என்ன பதில் சொல்வாள்? அவளுக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அங்க குளிருதாடா?"

"எலும்புக்குள்ள போகுதும்மா. ஓடுறவனுக்கு ஒண்ணும் தெரியாது. உக்காந்திருக்கிறவனுக்குத்தான் எல்லாக் குளிரும்."

ஓடவைப்பது அவள் கையில் இல்லை. குளிர் அவள் கையில் இருக்கிற சமாசாரம். ஏனென்றால் அவள் வேலை பார்ப்பது ஏற்றுமதிக்குக் குளிர்கோட்டுத் தைக்கிற ஃபேக்டரியில். தலைக்கு மேலே ஃபேன் சுத்தினாலும் கழுத்தில் வேர்வை வடிகிற ஹாலில் உட்கார்ந்துகொண்டு, தான் கண்ணால் காணாத குளிருக்காகக் கோட்டின் உள்பக்கம் தைப்பாள். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சுத் தாளை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கட்டமாகத் தையல் ஓட்டவேண்டும். இல்லாவிட்டால் துவைத்ததும் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடும். அவள் ஓட்டுகிற கட்டம் ஒன்றுபோல் இருக்கும் என்று சூப்பர்வைசரே சொல்வாள், அதுவும் எப்போதாவதுதான், வாய் வலிக்கிற மாதிரி.

வெட்டி மிஞ்சிய சாம்பல் நிறத் துணியைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, வீட்டு மெஷினில் கையில்லாத ஒரு உள்சட்டை தைத்தாள். சாம்பல் நூல் தீர்ந்துபோய் ஆரஞ்சு நூல்தான் இருந்தது. உள்ளே போடுகிறதுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதையே போட்டு ஓட்டினாள். அளவு பார்க்க அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். உச்சி வெயிலில் அவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் டீ குடிப்பதற்குள் முழுக்க நனைந்துபோனார்.

"என்னை அவிச்சு எடுத்துட்டே. சட்டை பாஸ்" என்றார்.

பார்சலில் அனுப்பினாள். அவன் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனாலும் காற்றடித்தால் கொஞ்சம் உறைக்கிறது என்றான். அவ்வளவு போதாதா? அடுத்த முறை அதே துணியில், அதே ஆரஞ்சு நூலில், இரட்டைப் பஞ்சு வைத்துத் தைத்து அனுப்பினாள். அது கிடைத்ததும் போனில் சிரித்தான்.

"அம்மா, இது சட்டையில்ல, மெத்தை. இதையும் ஜெர்சியையும் சேத்துப் போட்டா மேல ஜாக்கெட்டு ஜிப்பே ஏற மாட்டேங்குது."

"அப்ப என்னடா பண்ற?"

"ஜெர்சியைக் கழட்டி சுருட்டி சீட்டுக்குக் கீழ வெச்சுக்கிறேன். கூப்பிட்டா ஒரு நொடியில மாத்திக்கலாம்."

சற்று நிறுத்தி, "கூப்பிட்டாத்தானே" என்றான். அவளுக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது. ஆனால் பிள்ளை குளிரில் விறைக்கவில்லை என்ற திருப்தி பெரிதாக இருந்தது.

இப்படியே சீசன் முடிவுக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் க்ளப் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒப்பந்தம் இந்த ஆட்டத்தோடு முடிகிறது, புது கோச் வந்த பிறகு ஒரு தடவைகூட நீ இறங்கவில்லை, ஆடாத ஆளை எந்தக் காரணம் சொல்லி வைத்துக்கொள்வது என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். அவனை ஆடவிடாதவர்களே கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. கடைசி ஆட்டத்தில் இறங்கி நாலு பேர் பார்க்க ஏதாவது செய்தால், அவர் பேசிப் பார்ப்பார். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆக, எல்லாம் அந்த ஒரு நாளில் வந்து நின்றது. அன்றைக்கு மத்தியானம் அம்மா லீவு போட்டாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்தாள். அந்த ஊர்ப் பாஷை அவளுக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் வர்ணனையைப் புரியவைப்பது அவள் பொறுப்பு. டீச்சர்தான் முதலில் அந்தப் போட்டோவைக் காட்டினாள். ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் எடுத்து க்ளப் வெளியிட்டிருந்த படம். கத்தரிப்பூ நிற ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, பதினேழாம் நம்பர் தெரியத் திரும்பி நின்று, தோளுக்கு மேலாக வண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, பாத்தியா! மாப்பிள்ளை ரெடி" என்றார் அப்பா.

அம்மா பார்த்தது வேறு. அவனுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவன் மேலே அந்த மெல்லிசு ஜெர்சியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் உடனே போனை எடுத்தாள்.

"இப்ப எதுக்கு அவனைத் தொந்தரவு பண்ற?" என்று அப்பா தடுத்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் குசுகுசுவென்று பேசினான். "அம்மா, போனை எல்லாம் வாங்கி வெச்சிருவாங்க. சீக்கிரம் சொல்லு."

"மழை பெய்யுதேடா. பஞ்சுச்சட்டை போடலியா?"

"இன்னைக்கு வேணாம்மா. இன்னைக்கு இறக்குவார்னு தோணுது. காலையில என்னைப் பாத்துத் தலையாட்டினாரு."

"தலையாட்டினா? இத்தனை நாளா தோளைத் தட்டினாரே, என்ன ஆச்சு? மழையில நனைஞ்சு விறைச்சுப் போய் உக்காந்திருந்தா, கூப்பிடும்போது காலு எழும்புமா? போட்டுக்கோ. இறக்கினா கழட்டிடு."

"அம்மா..."

"என் மேல சத்தியம் பண்ணு."

அந்தப் பக்கம் யாரோ எதையோ கத்தினார்கள். "சரி, சரி. சத்தியம்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அம்மா நிம்மதியாக வந்து உட்கார்ந்தாள். தன்னால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று இருந்தது. பாவம், நிஜமாகவே தன்னால் ஆனதைத்தான் செய்துவிட்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. மழை ஓயவில்லை. முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. இவர்களுக்கு அதில் வருத்தமே இல்லை. தோற்கிற அணிதானே ஆளை மாற்றும் என்று அப்பா கணக்குச் சொன்னார். சொந்தப் பிள்ளையின் அணி தோற்கவேண்டும் என்று கும்பிடுகிற ஒரே குடும்பம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது பாதியில் அவனும் இன்னும் இரண்டு பேரும் கோட்டோரமாக ஓடினார்கள். கழுத்துவரை ஜிப் போட்ட ஜாக்கெட்டில் அவன் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தான். அம்மா அதைப் பார்த்துத் திருப்திப்பட்டாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறான்.

அப்போதுதான் இடது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் தொடையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தான். எழ முடியவில்லை. கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். விரலை மடக்கினார்.

அந்த விரல் யாரைக் கூப்பிடுகிறது என்று அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். வண்டு ஓடி வந்தான். கோச் அவன் தோளில் கைபோட்டுக் காதில் ஏதோ சொன்னார். கோட்டோரம் நிற்கிற அதிகாரி பலகையைத் தயார் செய்தார். சிவப்பில் அடிபட்டவன் நம்பர், பச்சையில் பதினேழு.

"பதினேழு! நம்ம பதினேழு!" என்று அப்பா கத்தியதில் மாடியில் டீச்சர் வீட்டு நாய் குரைத்தது. டீச்சர், "இளம் ஆட்டக்காரர், மிக வேகமானவர்னு சொல்றாங்க, அவன் பேரைச் சொல்றாங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா தன்னையறியாமல் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று ரீங்காரம் போட ஆரம்பித்தாள். கேமரா அவன் பக்கத்தில் போனது. டிவி முழுக்க அவன் முகம். அவன் ஜிப்பைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தான்.

சாம்பல் துணி. ஆரஞ்சு நூல். சாய்கட்டத் தையல்.

தன் தையல் தனக்கு அடையாளம் தெரியாதா? மற்றவர்களுக்கு என்ன ஏதென்று புரிவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ரீங்காரம் நின்றது. அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். சாவியைத் தொலைத்தவன் சட்டைப்பையைத் தடவுகிற மாதிரி இரண்டு கையாலும் உடம்பைத் தடவினான். ஓடிப்போய்த் தன் சீட்டுக்குக் கீழே பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. சத்தியம் பண்ணிக்கொடுத்த அவசரத்தில் ஜெர்சியைக் கழற்றி, பஞ்சுச்சட்டையை மாட்டி, ஜாக்கெட்டைப் போட்டு, எல்லாரும் வெளியே ஓட, அவனும் ஓடிவந்திருக்கிறான். ஜெர்சி உள்ளே கொக்கியில் தொங்குகிறது.

"என்ன ஆச்சு? ஏன் நிக்கிறான்?" என்றார் அப்பா.

உடைகளைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர் சுரங்கப்பாதைக்குள் ஓடினார். கோச் கையை விரித்தார். ஆட்டம் நிற்கவில்லை, அடிபட்டவனைத் தூக்கிப்போனதும் ஊதல் ஊதி, ஒரு ஆள் குறைவாகவே ஆடத் தொடங்கினார்கள். அவன் கோட்டில் நின்று சுரங்கப்பாதை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பி மெல்ல மெல்ல எல்லாப் பக்கமும் பரவியது. வர்ணனையாளர்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஏதோ பேசினார்கள். டீச்சர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. எந்த இடது ஓரத்தை அவன் அடைக்கவேண்டுமோ அந்த ஓரம் வழியாகவே எதிரணிக்காரன் ஓடிப்போய் இரண்டாவது கோலைப் போட்டான்.

அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். போய் என்ன செய்ய? கண்ணாடிக்குள் கையை விட்டு அந்தச் சட்டையை உருவி எறிய முடியுமா? அவள் டிவியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "கொண்டாங்களேன், யாராவது கொண்டாங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கோச் மறுபடி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். விரலை மடக்கினார். பக்கத்தில் இருந்தவன் எழுந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, ஜெர்சியோடு உள்ளே போனான். பலகையில் பதினேழு அழிந்து வேறு நம்பர் வந்தது. அதற்கப்புறம்தான் உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்து ஜெர்சியை அவன் கையில் கொடுத்தார்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? பஞ்சுச்சட்டையைக் கழற்றினான். ஜெர்சியைப் போட்டுக்கொண்டான். ஜாக்கெட்டை எடுக்கவில்லை. அப்படியே போய்ப் பெஞ்சின் கோடியில், கூரை மறைக்காத இடத்தில், மழையில் உட்கார்ந்தான். ஆட்டம் முடிகிறவரை அவனை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. கேமரா மட்டும் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்த வாரம் முழுக்க அந்த ஜிப் காட்சி எல்லார் போனிலும் ஓடியது. பாட்டுப் போட்டு ஓட்டினார்கள், மெதுவாக ஓட்டினார்கள், திருப்பி ஓட்டினார்கள். ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின்காரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய், "இது நம்ம துணி மாதிரி இருக்கேக்கா?" என்றாள். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்த பாதியை எடுத்து இவள் தட்டில் வைத்தாள். மணி அடித்ததும் எல்லாரும் மெஷினுக்குப் போனார்கள். அம்மாவும் போனாள். வேறு எங்கே போவாள்? அதே சாம்பல் துணி, அதே பஞ்சுத் தாள், அதே சாய்கட்டம். எங்கேயோ யாருக்கோ குளிராமல் இருப்பதற்காகச் சாயங்காலம் வரை ஓட்டினாள். அன்று அவள் ஓட்டிய கட்டங்கள் கோணிப்போய், சூப்பர்வைசர் பாதியைத் திருப்பிப் பிரிக்கச் சொன்னாள்.

அவன் பெட்டியோடு வந்து இறங்கினான். யாரும் எதையும் கேட்கவில்லை. "மறந்துட்டேன்" என்று அவனாகவே ஒருதரம் அப்பாவிடம் சொன்னான். சத்தியத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரியாதா என்ன? தடுத்தவரே அவர்தானே. ஆனால் அந்த மனிதர் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் காலையில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முன்சுவருக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்தார். எத்தனை பூச்சுப் பூசினாலும் கத்தரிப்பூ நிறம் அடியிலிருந்து கசிந்து வந்துகொண்டே இருந்தது. தொழிலில் ஊறிய ஆள், அந்தச் சுவரிடம் தோற்றுப்போய் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பழைய உள்ளூர் க்ளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. இப்போதும் அதே இடது ஓரம்தான், வேகமும் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவன் காலுக்குப் பந்து வந்தால் ரீங்காரம் வருவதில்லை. "பஞ்சு! டேய் பஞ்சு! உள்ள என்னடா போட்டிருக்க?" என்று ஒருவன் கத்துவான், கூட்டம் மொத்தமும் சிரிக்கும். கெட்ட எண்ணத்தில் சிரிக்கிறவர்கள் இல்லை. டிக்கெட் எடுத்து வந்தவர்கள், கிடைத்த சிரிப்பை விடுவார்களா? அவனும் கையை உயர்த்திச் சிரித்துவைப்பான். முதல் கோச் வைத்த பேர் போய், அம்மா தைத்த பேர் ஒட்டிக்கொண்டது.

அம்மாவால் தாங்க முடியாதது அது இல்லை. ஆட்டம் இருக்கிற நாளில் அவன் விடிந்ததுமே ஜெர்சியைப் போட்டுக்கொண்டுவிடுவான். அதோடேயே டீ குடிப்பான், அதோடேயே சாப்பிடுவான், மேலே சிந்திவிடாமல் இருக்க ஒரு துண்டை மார்பில் விரித்துக்கொள்வான். ஆட்டம் சாயங்காலம்தான். யாரும் பிடுங்கிக்கொண்டு போகப்போவதில்லை. அப்படியும் நடுநடுவே கையை மார்பில் வைத்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பான். அவனுக்கே தெரியாமல் நடக்கிற காரியம் அது. அடுப்படியிலிருந்து அம்மா அதைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பெட்டியைத் துடைத்து வைக்க எடுத்தபோது, அடியில் அந்தச் சட்டை இருந்தது. துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான். அம்மா அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நூல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். ஒவ்வொரு கட்டமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ஆரஞ்சு நூல் மடியில் குவிந்தது. தன் தையல் இவ்வளவு கெட்டி என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது, லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.

அவன் வந்து வாசலில் நின்றான்.

"ஏம்மா பிரிக்கிற?"

"இனிமே இது எதுக்கு?"

"இருக்கட்டும், கொடு." பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கத்தியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினான்.

"அன்னைக்கு நான் மட்டும் போன் பண்ணலைன்னா..."

"அதெல்லாம் இல்லம்மா."

"போட்டோவுல ஜெர்சியைப் போட்டுக்கிட்டுத்தானேடா நின்னே. நான்தானே கழட்டவெச்சேன். சொல்லிடு. திட்டிடு. ஏன்டா எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிற?"

பிரிந்த இடத்தில் வெளியே வந்த பஞ்சை அவன் விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். அவன் கத்தினால், சட்டையைத் தூக்கி எறிந்தால், அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவனிடம் எதைக் கேட்டால் வாயைத் திறப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கேள்விதான் வாயில் வந்தது.

"அன்னைக்கு ரொம்பக் குளிருச்சாடா?"

அவன் சட்டையை மடியில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டான்.

"இல்லம்மா" என்றான். "நீ கொடுத்ததைப் போட்டிருந்தேனே. கொஞ்சங்கூடக் குளிரல."